எங்கள் வீட்டு வாகு

சென்ற ஆண்டு பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரம், மகனுடைய சீருடைக் கால்சட்டைகளை எடுத்துக்கொண்டு தெருமுனையில் இருக்கும் தையற்கடைக்குப் போயிருந்தேன். தையல்காரர் இடுப்புப் பட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, பின்புறம் பிரித்துவிடுவதற்கு இனித் துணி இல்லை என்றார். வளரும் பிள்ளை என்பதால் கால் நீளத்துக்கென்று இரண்டு மடிப்பு வைத்துத் தைத்திருந்தார். அவற்றில் ஒன்றுதான் அதுவரை அவிழ்ந்திருந்தது. இடுப்புக்கு விட்டிருந்த துணியோ பத்து மாதத்துக்குள் முழுவதும் தீர்ந்துபோயிருந்தது. வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது என் மாமியார் சிறிதும் கலங்கவில்லை. "அவன் தாத்தா வாகு அவனுக்கு. நம்ம வீட்டு ஆம்பளைங்க எல்லாருக்கும் இந்த வயசுலதான் உடம்பு போடும்" என்றார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அந்தத் தாத்தா, அதாவது என் மாமனார், 57 வயதில் மாரடைப்பால் இறந்தவர் என்பது மட்டும் அந்தப் பேச்சில் விடுபட்டிருந்தது.

வாகு என்ற அந்த ஒரு சொல்லுக்குள் என்னென்ன அடங்கியிருக்கின்றன என்பதைக் கடந்த ஓராண்டாகப் படித்தும், மருத்துவரிடம் கேட்டும், எங்கள் வீட்டுப் பரிசோதனைத் தாள்களை அருகருகே வைத்துப் பார்த்தும் ஓரளவு விளங்கிக்கொண்டேன். நான் கல்லூரி நூலகத்தில் வேலை செய்கிறவள். மருத்துவம் படித்தவள் அல்லள். ஆனாலும் வளரிளம் பருவத்துப் பிள்ளையின் எடையைப் பார்த்துத் தனக்குள் கவலைப்பட்டுக்கொண்டிருக்கும் வேறொரு தாய்க்கோ தந்தைக்கோ இது பயன்படும் என்று நம்பி எழுதுகிறேன்.

மகனுக்கு அப்போது பதினான்கு வயது. குழந்தை மருத்துவர் அளந்தபோது உயரம் 160 சென்டிமீட்டர், எடை 60 கிலோ, உயரத்தோடு எடையை ஒப்பிடும் அளவான பி.எம்.ஐ. 23.4. பெரியவர்களுக்கு இருப்பதைப் போல வளரும் பிள்ளைகளுக்கு ஒரே பி.எம்.ஐ. அளவு கிடையாது, வயதுக்கு ஏற்ப எல்லைக் கோடு மாறும். இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015-இல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடத்தில், வளர்ந்தபின் 23 என்ற அளவில் போய்ச் சேரும் கோட்டைத் தாண்டினால் அதிக எடை என்றும், 27-இல் போய்ச் சேரும் கோட்டைத் தாண்டினால் உடற்பருமன் என்றும் கணக்கிடுகிறார்கள். என் மகன் இந்த இரண்டு கோடுகளுக்கும் நடுவில் இருந்தான். பார்ப்பவர் கண்ணுக்கு அவன் பருமனான பையனாகத் தெரியமாட்டான். "நல்லா இருக்கான்" என்றுதான் உறவினர்கள் சொல்வார்கள். ஆனால் இடுப்பைச் சுற்றி 86 சென்டிமீட்டர் இருந்தது. இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் அடங்க வேண்டும் என்பது எளிதாக நினைவில் வைத்துக்கொள்ளக்கூடிய ஒரு கணக்கு. அவன் உயரத்துக்கு அது 80-ஐத் தாண்டியிருக்கக் கூடாது.

பிறகு மருத்துவர் அவனுடைய சட்டைக் காலரைச் சற்று விலக்கிப் பின்கழுத்தைப் பார்த்தார். அங்கே தோல் கறுத்து, விரலால் தடவினால் மெத்தென்று வெல்வெட் துணியைப் போல இருந்தது. அதை நான் ஒரு வருடமாகவே பார்த்துவந்தேன். சனிக்கிழமைதோறும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது மாமியார் கடலைமாவைக் குழைத்து அந்த இடத்தில் அழுத்தித் தேய்ப்பார். அவன் எரிகிறது என்று கத்துவான். ஒழுங்காகத் தேய்த்துக் குளிப்பதில்லை என்று நானும் சேர்ந்து திட்டியிருக்கிறேன். அது அழுக்கு அன்று என்றும், உடலில் இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரந்துகொண்டிருப்பதற்குத் தோல் காட்டும் அடையாளம் என்றும் மருத்துவர் சொன்னபோது, அந்தப் பிள்ளையைத் திட்டிய சனிக்கிழமைகள் எல்லாம் நினைவுக்கு வந்து எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

தைராய்டு சோதனை எழுதித் தருவார் என்றுதான் எதிர்பார்த்தேன், ஏனென்றால் எங்கள் உறவில் எல்லோரும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். உயரம் நன்றாகக் கூடிவரும் பிள்ளைக்குத் தைராய்டு குறைபாட்டால் எடை ஏறுவது அரிது என்று அவர் விளக்கினார். அதன்பின் அவர் கேட்டதுதான் எங்களைத் திடுக்கிட வைத்தது. "பையனுக்கு ரத்தம் எடுக்கறதுக்கு முன்னாடி உங்க ரெண்டு பேர் ரிப்போர்ட்டையும் கொண்டு வாங்க" என்றார்.

கணவருக்கு 41 வயதிலிருந்து சர்க்கரை நோய் இருக்கிறது. அதற்கு மாத்திரை சாப்பிடுகிறார் என்பதோடு அந்த விவகாரம் முடிந்துவிட்டதாகவே நாங்கள் இருவரும் நினைத்துவந்தோம். அந்த வாரம் முழுமையாகச் சோதித்தபோது அவருக்கு ரத்தக் கொழுப்பில் ஒரு வகையான டிரைகிளிசரைடு 240, நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல். 36, இடுப்பு 102 சென்டிமீட்டர். எனக்கு வெறும் வயிற்றில் சர்க்கரை 112, ரத்த அழுத்தம் 134-க்கு 86, இடுப்பு 94. மருத்துவர்கள் ஐந்து அளவுகளைப் பார்க்கிறார்கள்: தெற்காசியர்களுக்கு இடுப்பு ஆண்களில் 90-க்கும் பெண்களில் 80-க்கும் மேல், டிரைகிளிசரைடு 150-க்கு மேல், எச்.டி.எல். ஆண்களுக்கு 40-க்கும் பெண்களுக்கு 50-க்கும் கீழ், ரத்த அழுத்தம் 130-க்கு 85 அல்லது அதற்கு மேல், வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 அல்லது அதற்கு மேல். இவற்றில் ஏதேனும் மூன்று சேர்ந்துவிட்டால் அதற்கு மெட்டபாலிக் சிண்ட்ரோம், அதாவது வளர்சிதை மாற்றக் கோளாறுகளின் தொகுப்பு, என்று பெயர். கணவருக்கு நான்கு இருந்தன. எனக்கு மூன்று. மாத்திரை எதுவும் இல்லாமல் நலமாக இருப்பவள் என்று என்னைப் பற்றி நானே நம்பிக்கொண்டிருந்தேன்.

எங்களைப் போன்றவர்கள் எத்தனை பேர் என்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். அமைப்புடன் சேர்ந்து சென்னையிலிருந்து நடத்தப்பட்டு 2023-இல் வெளியான பெரிய ஆய்வு காட்டுகிறது. நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய்; 13 கோடிக்கும் மேற்பட்டோர் அதன் விளிம்பில்; வயது வந்தோரில் 39.5 விழுக்காட்டினருக்கு வயிற்றுப் பருமன். தமிழ்நாட்டைப் பொறுத்தவரை, 2019 முதல் 2021 வரை எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் பெண்களில் 40 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் அதிக எடையோ பருமனோ உடையவர்கள். இவர்கள்தாம் இன்றைய பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர். பிள்ளைகளின் எடையைப் பற்றிப் பேசும் கட்டுரைகள் கைப்பேசியையும் பிட்சாவையும் மட்டும் குற்றம் சொல்லிவிட்டு இந்தக் கணக்கைத் தொடாமல் போவது எனக்கு இப்போது பெரிய குறையாகப் படுகிறது.

பரம்பரை என்பதை நான் மறுக்கவில்லை. டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்டு வளர்ந்தவர்களை ஆராய்ந்து 1986-இல் வெளியான ஆய்வில், அவர்களுடைய உடல்பருமன் வளர்த்த பெற்றோரோடு ஒத்துப்போகவில்லை, பெற்றவர்களோடுதான் ஒத்துப்போனது. 2007-இல் எஃப்.டி.ஓ. என்ற மரபணுவின் ஒரு வகையைக் கண்டுபிடித்தார்கள். அதைத் தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் பெற்றவர்கள், இருவரிடமிருந்தும் பெறாதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ எடை கூடுதலாக இருந்தார்கள். மூன்று கிலோ என்பதை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். அது இருக்கிறது, ஆனால் அவ்வளவுதான் இருக்கிறது. என் மாமனார் தன் பதினான்காம் வயதில் எடுத்த புகைப்படம் ஒன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. விலா எலும்புகளைச் சட்டைக்கு மேலேயே எண்ணலாம். அதே மரபணுவைத் தாங்கியவர்தாம் அவரும். இந்த வயதில் உடம்பு போடுவது எங்கள் வீட்டு வாகு என்றால், அந்தப் புகைப்படத்தில் அது எங்கே போயிற்று?

பரம்பரைக்கு அடுத்ததாக நான் படித்த விஷயம்தான் என்னை மிகவும் உலுக்கியது, ஏனெனில் அதில் என் கதையும் இருக்கிறது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் வாழும் பீமா பழங்குடி மக்களிடையே 1965 முதல் சர்க்கரை நோயைப் பற்றிய தொடர் ஆய்வு நடந்துவந்தது. 1983-இல் அதிலிருந்து வந்த அறிக்கை ஒன்று, தாய்மாரை மூன்று பிரிவாகப் பிரித்துக்கொண்டது: கருவுற்றிருந்தபோதே சர்க்கரை நோய் இருந்தவர்கள், அப்போது நலமாக இருந்து பிற்காலத்தில் நோய் வந்தவர்கள், நோயே வராதவர்கள். அவர்களுடைய பிள்ளைகள் 15 முதல் 19 வயதை எட்டியபோது, முதல் பிரிவினரின் பிள்ளைகளில் 58 விழுக்காட்டினர் இருக்க வேண்டிய எடையைப் போல 1.4 மடங்கோ அதற்கு மேலோ இருந்தார்கள். இரண்டாம் பிரிவில் இது 25 விழுக்காடு, மூன்றாம் பிரிவில் 17 விழுக்காடு. முதல் இரண்டு பிரிவுத் தாய்மாருக்கும் நோய்க்கான பரம்பரை ஏறக்குறைய ஒன்றுதான். வேறுபாடு பிள்ளை வயிற்றில் இருந்த அந்த மாதங்களில்தான் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு இன்னும் நெருங்கிச் சென்று, ஒரே தாய்க்குச் சர்க்கரை நோய் வருவதற்கு முன் பிறந்த பிள்ளையையும் வந்தபின் பிறந்த பிள்ளையையும் ஒப்பிட்டது. பின்னர் பிறந்தவர்களுக்குப் பி.எம்.ஐ. சராசரியாக 2.6 கூடுதலாக இருந்தது.

இது எப்படி நிகழ்கிறது என்பதற்கான விளக்கத்தைக் கோபன்ஹேகனைச் சேர்ந்த பெடர்சன் என்ற மருத்துவர் 1950-களிலேயே முன்வைத்திருந்தார். தாயின் ரத்தத்தில் உள்ள சர்க்கரை நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். தாயின் இன்சுலின் போகாது. அதிகமாக வந்துசேரும் சர்க்கரையைச் சமாளிக்கக் குழந்தையின் கணையம் தானே கூடுதலாக இன்சுலினைச் சுரக்கிறது. இன்சுலின் சர்க்கரையைக் குறைப்பதோடு நிற்பதில்லை, கொழுப்பைச் சேர்த்து வைக்கும் வேலையையும் செய்கிறது. அதனால் அந்தக் குழந்தை உலகத்துக்கு வரும்போதே கூடுதல் இன்சுலினுக்குப் பழகியே வருகிறது.

என் மகள் 2005-இல் பிறந்தாள். அந்தக் கர்ப்பத்தில் எனக்குச் சர்க்கரை இல்லை. மகன் 2010-இல் பிறந்தான். ஆறாம் மாதத்தில் குளுக்கோஸ் நீரைக் குடிக்கச் சொல்லி இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். 140-ஐத் தாண்டக்கூடாது என்றார்கள், எனக்கு 168 வந்தது. உணவுக் கட்டுப்பாட்டிலேயே சமாளித்துவிட்டோம். 3.9 கிலோ எடையோடு பிறந்தான். பிள்ளையைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் "கொழுகொழுன்னு இருக்கான்" என்று மகிழ்ந்து போனார்கள். மகப்பேறு பார்த்த மருத்துவமனையில் மூன்றாம் நாள் ஒருமுறை சர்க்கரையைச் சோதித்து, போய்விட்டது என்று சொல்லி அனுப்பினார்கள். ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் மறுபடியும் சோதிக்க வேண்டும் என்றோ, அதன்பின்னும் ஒன்று முதல் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வாழ்நாள் முழுவதும் பார்த்துவர வேண்டும் என்றோ யாரும் சொல்லவில்லை. கர்ப்பகாலச் சர்க்கரை வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு, வராத பெண்களைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு. கர்ப்பிணிகள் அனைவரையும் சோதிக்கும் முறையை நாட்டிலேயே முன்னதாகக் கொண்டுவந்த மாநிலம் நம்முடையது. அதற்காகச் சென்னையில் மருத்துவர் வீ. சேஷய்யா பல்லாண்டு பாடுபட்டார். பிரசவத்தோடு அந்த அக்கறை அறுந்துபோகிறது என்பதே என் மனக்குறை. பதினான்கு ஆண்டுகள் நான் சோதிக்காமலே இருந்திருக்கிறேன்.

என் இரண்டு பிள்ளைகளும் எதையும் நிரூபித்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மகள் ஒல்லி, மகன் இப்படி என்ற வேறுபாட்டுக்கு நூறு காரணங்கள் இருக்கலாம். அவள் கபடி ஆடினாள், அவன் ஆடவில்லை. ஆயினும் மைசூரில் ஒரு மருத்துவமனையில் 1997, 1998 ஆண்டுகளில் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வும் இதே திசையைத்தான் காட்டுகிறது: கர்ப்பகாலச் சர்க்கரை இருந்த தாய்மாரின் பிள்ளைகளுக்கு ஒன்பதரை வயதிலேயே இன்சுலின் தடை, அதாவது இன்சுலினுக்கு உடல் சரியாகச் செவிசாய்க்காத நிலை, மற்றவர்களைவிடக் கூடியிருந்தது; பெண் பிள்ளைகளுக்குக் கொழுப்பும் கூடியிருந்தது.

நம் நாட்டுப் பிள்ளைகளின் விஷயத்தில் தராசை மட்டும் நம்பக்கூடாது என்பதற்கும் ஒரு வலுவான காரணம் இருக்கிறது. புனே நகரத்து மருத்துவர் யாக்னிக்கும் அவருடைய குழுவினரும் சுற்றுவட்டாரக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் நகரக் குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். புனேக் குழந்தைகள் 2.7 கிலோ, அங்கே 3.5 கிலோ. எடையிலும் தசையிலும் நம் குழந்தைகள் மிகவும் குறைந்திருந்தபோதிலும், தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. ஒல்லியாகத் தோன்றும், உள்ளே கொழுப்பு இருக்கும். யாக்னிக் தன்னையே இதற்கு எடுத்துக்காட்டாகக் காட்டினார். அவரும் லண்டனைச் சேர்ந்த யுட்கின் என்ற மருத்துவரும் 22.3 என்ற ஒரே பி.எம்.ஐ. உடையவர்கள், உடலில் இருந்த கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாக்னிக்குக்கு 21.2. இருவரும் அருகருகே நிற்கும் படத்தோடு அது 2004-இல் வெளியானது. இதைப் படித்தபின் "நல்லா இருக்கான்" என்ற சொல்லை நான் ஆறுதலாக எடுத்துக்கொள்வதில்லை.

இவற்றோடு வளரிளம் பருவத்துக்கே உரிய ஒரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. பருவமடையும் காலத்தில் எந்தப் பிள்ளைக்கும், நல்ல உடல்நிலையில் இருக்கும் பிள்ளைக்கும்கூட, இன்சுலினுக்கு உடல் செவிசாய்ப்பது கால்பங்குக்கும் மேல் குறைந்து, வளர்ச்சி முடியும்போது மீண்டும் பழைய நிலைக்குத் திரும்புகிறது. ஏற்கெனவே வயிற்றுக்குள்ளேயே அந்தப் பழக்கத்தோடு வந்த பிள்ளைக்கு இது இரட்டைச் சுமை. பன்னிரண்டு வயதுவரை ஒல்லியாக இருந்தவன் ஏன் திடீரென்று இப்படி ஆனான் என்று நான் கேட்ட கேள்விக்கு எனக்குக் கிடைத்த விடைகளில் மிகவும் பொருந்திய விடை இதுதான்.

இனி அடுக்களைக்கு வருகிறேன். பரம்பரையையும் கர்ப்பத்தையும் இனி நம்மால் மாற்ற முடியாது. மாற்றக்கூடியது இங்கேதான் இருக்கிறது.

சர்க்கரை நோயாளி இருக்கும் பெரும்பாலான வீடுகளில் நடப்பது எங்கள் வீட்டிலும் நடந்தது. பத்து ஆண்டுகளாக நான் இரண்டு சமையல் சமைத்துவந்தேன். கணவருக்கு இரவில் இரண்டு சப்பாத்தியும் கீரைக் கூட்டும். மகனுக்கு நான்கைந்து தோசை, தேங்காய்ச் சட்னி, சில நாள் கடைப் பரோட்டா. கணவருக்குப் பத்தியம், பிள்ளைக்கு "வளர்ற பிள்ளை" என்ற சலுகை. காய்கறி, சுண்டல், சிறுதானியம் ஆகியவை நோய் வந்தவர்கள் விதியே என்று சாப்பிடுபவை என்றும், வெள்ளைச் சோறும் இனிப்பும் பொரித்ததும் உடம்பு நன்றாக இருப்பவர்கள் அனுபவிப்பவை என்றும் நான் ஒரு சொல்லும் சொல்லாமலேயே பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். அப்பாவின் தட்டை அவன் இரக்கத்தோடு பார்ப்பான். ஒருமுறை அவனுக்கும் பாசிப்பயறு அடை வைத்தபோது, "எனக்கென்ன சுகரா?" என்று கேட்டான். அந்தக் கேள்வியில் எங்கள் வீட்டு உணவு முறை முழுவதும் இருந்தது.

கணவரும் அந்தப் பத்தியத்தை முழுமையாகக் கடைப்பிடித்தவர் அல்லர். மாலை ஆறு மணிக்கு அலுவலகத்திலிருந்து வந்ததும் இரண்டு கரண்டிச் சர்க்கரை போட்ட டீயும் ஒரு கிண்ணம் மிக்சரும் அவருக்கு வேண்டும். இரவு மாத்திரை இருக்கிறதே என்பது சமாதானம். மகன் பள்ளியிலிருந்து வந்து அவர் பக்கத்தில் அமர்ந்து அதே கிண்ணத்தில் கைவிடுவான். அது அவர்கள் இருவரும் பேசிச் சிரித்துக்கொள்ளும் நேரம் என்பதால் நான் தடுத்ததில்லை. ஏழு மணிக்கு டியூஷன். ஒன்பது மணிக்கு முடிந்து வரும் வழியில் பேக்கரி. ஒரு முட்டை பஃப்ஸ், ஒரு தேன் கேக். ஒன்பதரைக்கு மேல் வீட்டில் சாப்பாடு, பதினொன்றரைக்குப் படுக்கை, ஐந்தரைக்கு எழுந்து மறுபடியும் படிப்பு. எட்டு மணி நேரமாவது தூங்க வேண்டிய வயதில் ஆறு மணி நேரத் தூக்கம். நாளுக்கு ஒரு மணி நேரமாவது ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வயதில், ஒன்பதாம் வகுப்பின் விளையாட்டு வகுப்பைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்கிறார்கள். சென்னைப் பள்ளிகளில் நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், தனியார் பள்ளிப் பிள்ளைகளில் 21.4 விழுக்காட்டினரும் அரசுப் பள்ளிகளில் 3.6 விழுக்காட்டினரும் அதிக எடையோ பருமனோ உடையவர்களாக இருந்தார்கள். ஒரே நகரம், ஒரே மக்கள். இவ்வளவு பெரிய வேறுபாட்டை வாகு என்ற சொல்லால் விளக்கிவிட முடியாது.

மகனுடைய ரத்தப் பரிசோதனை வந்தபோது டிரைகிளிசரைடு 158, எச்.டி.எல். 38. கணவருடைய தாளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எண்களில் வேறுபாடு இருந்தாலும், எந்த இடத்தில் ஏறியிருக்கிறது, எந்த இடத்தில் இறங்கியிருக்கிறது என்பது அப்படியே ஒன்றாக இருந்தது.

அந்த நாட்களில் உறவினர் சிலர் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். கர்ப்பத்தில் சர்க்கரை இருந்ததால்தான் பிள்ளைக்கு இப்படி ஆயிற்று என்றால், நான் அப்போது ஒழுங்காக இருந்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். ஆராய்ச்சி முடிவுகளைத் தாயின் தலையில் இறக்கிவைக்கும் சுமையாக மாற்றுவது மிகவும் எளிது, மிகவும் தவறும்கூட. பெற்றோரில் ஒருவருக்குப் பருமன் இருப்பதைவிட இருவருக்கும் இருக்கும்போது பிள்ளைக்கு வாய்ப்பு மேலும் கூடுகிறது என்பது பல நாடுகளில் கண்டறியப்பட்டது. அதில் தந்தைக்கும் பங்கு உண்டு. சாப்பாட்டு மேசையில் பிள்ளை, அதிலும் ஆண் பிள்ளை, பார்த்துப் பழகுவது பெரும்பாலும் தந்தையின் தட்டைத்தான். என் கணவர் இதைத் தானாகவே ஏற்றுக்கொண்டார் என்பதற்கு அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

1997-இல் அமெரிக்காவில் வெளியான ஒரு புகழ்பெற்ற ஆய்வு, பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பொறுத்தவரை, பெற்றோரின் பருமன் அந்தப் பிள்ளை வளர்ந்தபின் பருமனாகும் வாய்ப்பை இரு மடங்குக்கும் மேலாக்குகிறது என்றும், வயது கூடக்கூடப் பிள்ளையின் சொந்த எடையே பெரிய காரணியாகிவிடுகிறது என்றும் கண்டது. அதாவது வளரிளம் பருவம் பெற்றோரின் பிடி தளரத் தொடங்கும் காலம். ஆனால் தளர்ந்துவிட்டது என்று கைவிடுவதற்கு இல்லை. எப்ஸ்டீன் என்ற உளவியலாளர் பருமனான பிள்ளைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் ஒன்றாகச் சிகிச்சைக்கு உட்படுத்திப் பத்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 1990-இல் முடிவை வெளியிட்டார். பெற்றோரும் சேர்ந்து மாறிய குழுவில் பிள்ளைகளின் மிகை எடை பத்து ஆண்டுக்குப் பின்னும் 7.5 விழுக்காடு குறைந்தே இருந்தது. எடை மாற்றத்துக்கு அல்லாமல், வகுப்புக்கு வருவதற்கு மட்டும் ஊக்கம் பெற்ற குழுவில் அது 14.3 விழுக்காடு கூடியிருந்தது. பிள்ளையைத் தனியாக உட்காரவைத்துப் பட்டினி போடச் சொல்லும் வழக்கத்துக்கு எதிராக நான் காட்டக்கூடிய மிக நல்ல சான்று இதுதான். கனடாவின் கியூபெக்கில் நடந்த ஆய்வையும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன்: எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பின் அதே தாய்மாருக்குப் பிறந்த பிள்ளைகளில், முன்னர் பிறந்த அவர்களுடைய உடன்பிறப்புகளைவிடக் கடும் பருமன் மிகக் குறைவாக இருந்தது. தாயின் உடல்நிலை மாறினால் பிள்ளைக்குக் கிடைப்பதும் மாறுகிறது.

எங்கள் வீட்டில் நாங்கள் செய்தது பெரிய புரட்சி எதுவும் இல்லை. மருத்துவர் மகனுக்கு எடை குறைக்கும் இலக்கு எதையும் கொடுக்கவில்லை; உயரம் வளரட்டும், எடை அங்கேயே நிற்கட்டும் என்று மட்டும் சொன்னார். முதல் வேலையாக இரண்டு சமையலை நிறுத்தினேன். கணவருக்கு என்ன சமைக்கிறேனோ அதுவே எல்லோருக்கும், மாமியார் உட்பட. பாதித் தட்டுக்குக் காய். சோறு ஒரு கரண்டி குறைந்தது, பருப்பும் முட்டையும் மீனும் கூடின. மாலைக் கிண்ணத்தில் மிக்சருக்குப் பதிலாகத் தாளித்த சுண்டல் வந்தது. அப்பாவும் மகனும் சிரித்துப் பேசும் அந்த நேரம் அப்படியே இருந்தது. டியூஷனைச் சற்று முன்னதாக வைக்கச் சொல்லிக் கேட்டோம், ஆசிரியர் இசைந்தார். எட்டரைக்குச் சாப்பிட்டுப் பத்து மணிக்குப் படுக்க முடிந்தது. காலையில் கணவர் திருச்சி உய்யக்கொண்டான் வாய்க்கால் ஓரப் பாதையில் நடக்கத் தொடங்கினார். நீயும் வா என்று மகனை அவர் கூப்பிடவே இல்லை. மூன்றாம் வாரம் அவனாகவே சைக்கிளை எடுத்துக்கொண்டு கூடவே போனான்.

வீட்டில் அவன் எடையைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்று ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டோம். மாமியாருக்கு இது கடினமாக இருந்தது. விருந்தினர் வரும்போது "இப்ப கொஞ்சம் இறங்கியிருக்கான் பாருங்க" என்று பெருமையாகச் சொல்ல வருவார். அதையும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். புகழ்ச்சியானாலும் இகழ்ச்சியானாலும் அந்தப் பேச்சு அவனைத் தன் வயிற்றை உள்ளிழுத்து நிற்க வைப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

பதினோரு மாதம் கழித்து அளந்தபோது உயரம் 166, எடை 60.5, இடுப்பு 82. பின்கழுத்தின் கறுப்பு முழுவதும் போகவில்லை, ஓரங்களில் வெளுத்திருக்கிறது. கணவருக்கு டிரைகிளிசரைடு 178-க்கு வந்திருக்கிறது. எனக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை 104. விளிம்பிலிருந்து நான் இன்னும் முழுவதும் நகரவில்லை. நடுவில் தீபாவளியும் ஒரு திருமணமும் வந்து இரண்டு மாதம் பழையபடியே ஓடின என்பதையும் எழுதிவிடுகிறேன்.

இப்போது என் எண்ணம் எல்லாம் மகளைப் பற்றியது. அவளுக்கு இருபது வயது, கோவையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். ஒல்லியாக இருக்கிறாள், எல்லோரும் அவளை என் அம்மாவின் வாகு என்பார்கள். என் அம்மாவுக்கும் ஐம்பதில் சர்க்கரை வந்தது. மகளுக்கு இதுவரை ஒருமுறைகூட நாங்கள் எதையும் சோதித்ததில்லை, அதற்கு ஒரு தேவை இருப்பதாகவே தோன்றியதில்லை. தொலைபேசியில் மெல்ல இதைச் சொன்னபோது, "தம்பிக்குத்தானே பிரச்சினை, எனக்கு எதுக்கும்மா?" என்றாள். நான் மைசூர், புனே, யாக்னிக் என்று தொடங்கி இருபது நிமிடம் பேசினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, சரி என்றாள். அடுத்த மாதம் பத்தாம் தேதி விடுமுறைக்கு வருகிறாள். பதினொன்றாம் தேதி காலை ஆறரை மணிக்கு, காபி குடிக்காமல், நால்வருமாகப் பரிசோதனைக் கூடத்துக்குப் போகிறோம்.